லண்டனுக்குப் போட்ட சாம்பிராணி

திருவொற்றியூரில் லாரிக்கும் படகுக்கும் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் 1974-ஆம் வருஷம் இரண்டு கட்சிகள் இருந்தன. நாட்டை ஆள்கிற கட்சிகளைச் சொல்லவில்லை. அவற்றுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு அஞ்சு வருஷம் மறந்துவிடலாம். இது கம்ப்யூட்டர் ரூம் கட்சி. ஒன்று அமெரிக்கா, இன்னொன்று லண்டன். காலையில் ஏ.சி. ஓடத் தொடங்கும்போதே சண்டையும் தொடங்கிவிடும்; சாயங்காலம் கேண்டீனில் டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தால்தான் ஓயும்.

எட்டு வருஷமாக அந்த ரூமில் ஒரே கம்ப்யூட்டர்தான் இருந்தது. அமெரிக்காவில் செய்தது. அதற்கு ஒரு சாமான் பழுதானால் கப்பலில் வருகிற வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று பம்பாய் ஹெட் ஆபீஸுக்குச் சலிப்பு வந்து, லண்டனில் செய்த ஒன்றை வாங்கி அனுப்பினார்கள். அனுப்பினவர்கள் பழையதை எடுத்துக்கொண்டு போயிருந்தால் வம்பில்லை. இரண்டும் மூன்று மாசம் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேலையைச் செய்யட்டும், தீபாவளிக்குள் எது உசத்தி என்று பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே வீட்டில் இரண்டு மருமகளை வைத்து யார் குழம்பு ருசி என்று கேட்ட கதைதான்.

அமெரிக்க மிஷினின் ஆப்பரேட்டர் ரோஸ்மேரி. ராயபுரத்துக்காரி, முப்பத்தாறு வயது, கல்யாணம் வேண்டாம் என்று வெகுநாள் முன்பே சொல்லிவிட்டவள். டிஸ்பாட்ச் செக்‌ஷனில் டைப்பிஸ்டாக வந்தாள். அங்கே அவளுக்குப் பெயரே கிடையாது. நாற்பது ஆண்கள் நாற்பது மூலையிலிருந்து “ஏம்மா!” என்று கூப்பிடுவார்கள், அவள் ஓடவேண்டும். கம்ப்யூட்டர் வந்தபோது, ‘பட்டன் தட்டுகிற வேலைதானே, பொம்பளை போதும்’ என்று அவளை அங்கே அனுப்பினார்கள். அனுப்பினவர்களுக்கு அப்போது தெரியாது, தாங்களே ஒருநாள் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, “மேடம், ஸ்டாக் லிஸ்ட் எப்ப கிடைக்கும்?” என்று கேட்டு நிற்கப்போகிறோம் என்று. அந்த நாற்காலி அவளுக்கு அவ்வளவு பெரியது.

அவளுக்குக் கைப்பழக்கம் ஒன்று இருந்தது. தன் டிரான்சிஸ்டர் ரேடியோவை மிஷினின் தலைமேல் வைத்து, எந்த ஸ்டேஷனும் கிடைக்காத இடத்தில் முள்ளை நிறுத்துவாள். மிஷின் ஓட ஓட ரேடியோவில் ஒரு இரைச்சல் வரும். கணக்குப் போடும்போது ஒரு மாதிரி, வரிசைப்படுத்தும்போது ஒரு மாதிரி. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் புரோகிராம் எங்கேயோ சுற்றிச் சுற்றி மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அடுத்த ரூமில் உட்கார்ந்துகொண்டே, “அது நின்னுபோச்சு பாரு” என்பாள். போய்ப் பார்த்தால் நின்றுபோயிருக்கும்.

மிஷின் என்பது இரும்புதான். அதை மேய்க்கிற புரோகிராம் ஒன்று உள்ளே உண்டு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். எந்த வேலை முதலில், எது பிறகு, பிரிண்டர் யாருக்கு, டேப் யாருக்கு என்று பஞ்சாயத்துப் பண்ணுவது அதுதான். ஆறு சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி மூடி போட்டது போல ஒரு டிஸ்க் பேக் இருக்கும். அதில் அது குடியிருக்கும். அமெரிக்காக்காரன் தன் சிஸ்டத்தின் தலைமைப் புரோகிராமுக்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்திருந்தான். லண்டன்காரன் எக்ஸிக்யூட்டிவ் என்று வைத்திருந்தான். ஃபேக்டரியில் இந்த இரண்டு வார்த்தைக்கும் என்ன வித்தியாசம் என்று கூட்டித் துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும். பிறகு கேட்கவேண்டுமா?

“இன்னாக்கா, உங்காளு இன்னும் சூப்பர்வைசராவே கீறாரு? பிரமோஷனே குடுக்க மாட்டாங்களா?” என்பான் குணசேகரன். லண்டன் மிஷினோடு வந்த ஆப்பரேட்டர். வண்ணாரப்பேட்டைப் பையன், முப்பது வயசு, வாய் காது வரைக்கும்.

“சூப்பர்வைசருதான் நைனா வேலை செய்வாரு. எக்ஸிக்யூட்டிவ் இன்னா பண்ணுவாரு? ரூமுக்குள்ள குந்திகினு டீ குடிப்பாரு” என்பாள் ரோஸ்மேரி. கணக்கைக் கார்டில் துளை துளையாகப் பஞ்ச் பண்ணுகிற எல்சி கைதட்டுவாள். எல்சி அமெரிக்கா கட்சியின் மகளிரணி.

அந்தக் கட்சியின் உயிர்நாடி தவசிமுத்து. ஐம்பதைத் தாண்டினவர். டேப்களும் டிஸ்க் பேக்குகளும் இருக்கிற ரூமுக்கு அவர்தான் பொறுப்பு. பெரிய சாவிக்கொத்து இடுப்பில் தொங்கும். அப்பா காலத்திலேயே தெற்கேயிருந்து வந்து தண்டையார்பேட்டையில் தங்கிவிட்ட குடும்பம். அமெரிக்க மிஷினை அவர் ‘அய்யா’ என்றுதான் சொல்வார். தினம் காலையில் தன் சொந்தத் துண்டால் அய்யாவுக்கு முகம் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைக் கழுவுவார். லண்டன் மிஷின் பக்கம் அவர் போனதே கிடையாது. அதற்கு வேண்டிய டேப்பை ஜன்னல் வழியாகத்தான் நீட்டுவார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ரோஸ்மேரிக்கும் அப்படித்தான் இருந்தது, ஆகஸ்ட் மாசம் ஒரு மத்தியானம் வரை.

அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும் என்று மின்சார வாரியத்துக்கே தெரியாது. அன்றைக்கு இரண்டு மிஷினும் பதினெட்டாயிரம் உதிரிபாகங்களின் ஸ்டாக் லிஸ்டை ஓட்டிக்கொண்டிருந்தன. இரண்டே முக்காலுக்குப் பட்டென்று எல்லாம் அணைந்தது. ரோஸ்மேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். மூன்று மணி நேர வேலை போச்சு. கரண்ட் வந்ததும் முதல் கார்டிலிருந்து திரும்ப ஆரம்பிக்கவேண்டும். எட்டு வருஷமாக அப்படித்தான். ‘மிஷின் என்றால் அப்படித்தான்’ என்று அவள் நினைத்திருந்தாள்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. அவள் முதல் கார்டுக் கட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது குணசேகரன் வெற்றிலை மென்றுகொண்டு வந்தான். லண்டன் மிஷினோடு இணைத்திருந்த டைப்ரைட்டரில் தேதியைத் தட்டினான். அது தானாக ஒரு வரி அடித்தது. ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பதினேழாவது சாமானில் நின்றிருக்கிறேன், தொடரவா என்றது. அவன் ஒரு வார்த்தை தட்டினான். அது பாட்டுக்கு ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டிலிருந்து போய்க்கொண்டே இருந்தது.

ரோஸ்மேரிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓடுகிற ஓட்டத்தில் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம், தான் எங்கே நிற்கிறோம் என்று அது இன்னொரு டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. கேட்டதற்குச் செய்கிறது சரி. நாளைக்கு விழுந்தால் எழுந்திருக்கவேண்டுமே என்று யோசித்து வைத்திருக்கிறதே! எவனோ முகம் தெரியாத ஒருத்தன், இந்தத் திருவொற்றியூர் கரண்ட் கட்டையும் அவள் தலையில் கை வைத்துக்கொள்வதையும் கனவில் கண்டு எழுதினது போல இருந்தது. இவ்வளவு அழகான காரியத்தை அவள் அந்த ரூமில் பார்த்ததில்லை.

“இன்னா மேரிம்மா, அங்க பாக்கற?” என்றார் தவசிமுத்து ஜன்னலிலிருந்து.

“சும்மா ஜிகினா வேலைண்ணே” என்றாள். வாய் கூசியது. ஆனால் கட்சிக்காரி வேறு என்ன சொல்லமுடியும்?

அதற்குப் பிறகு அவள் திருட்டுத்தனமாகப் பார்க்க ஆரம்பித்தாள். குணசேகரன் சாப்பிடப் போனதும் லண்டன் மிஷின் அடித்துத் தள்ளிய காகிதத்தை எடுத்துப் படிப்பாள். ஒரு வேலை பிரிண்டருக்குக் காத்திருந்தால் சும்மா நிற்காமல் அடுத்த வேலையில் கை வைத்திருக்கும். தப்பு வந்தால் எந்த டேப், எந்த இடம் என்று சொல்லும். அவளுடைய சூப்பர்வைசர் தப்பு வந்தால் ஒரு நம்பரை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுவார்; நம்பருக்கு அர்த்தம் அவள்தான் மனப்பாடமாக வைத்திருந்தாள். இருநூறுக்கு மேல். அதுவரை அது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

செப்டம்பரில் நோட்டீஸ் வந்தது. அக்டோபர் இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை பம்பாயிலிருந்து ஒரு பெரியவர் வருவார்; அவர் முன்னால் இரண்டு மிஷினும் ஒரே வேலையைச் செய்யும். தோற்ற மிஷினைக் கழற்றுவார்கள். அதன் ஆப்பரேட்டர் டிஸ்பாட்ச் செக்‌ஷனுக்கு. நோட்டீஸைப் படித்த ரோஸ்மேரிக்கு நாற்பது மூலையிலிருந்தும் “ஏம்மா!” என்று காதில் விழுந்தது. அன்று பஸ்ஸில் ராயபுரம் வருகிற வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தாள்.

இந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. வியாழக்கிழமை பூஜை, வெள்ளி விஜயதசமி லீவு, சனிக்கிழமை பரீட்சை. ஃபேக்டரியில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? லேத்துக்குச் சந்தனம், டிரக்குக்கு வாழைக்கன்று, தராசுக்கு மாலை, கூடை கூடையாகப் பொரி. அந்த ஒருநாள் மட்டும் சாமி, சர்ச், மசூதி என்று யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். அவரவர் ஆயுதத்துக்கு அவரவர் பொட்டு. கம்ப்யூட்டர் ரூமுக்கு மட்டும் மேனேஜர் ராமசுப்பு தடை போட்டிருந்தார். பூ, பொட்டு எல்லாம் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே சூடம், ஊதுபத்தி மூச்சு விடக்கூடாது. டிரைவ் என்கிற பெட்டிக்குள் டிஸ்க் சுற்றும்போது அதைப் படிக்கிற தலை, ஒரு தலைமுடி கூட நுழையாத இடைவெளியில் மிதக்கும். ஒரு புகைத்துகள் போதும், தலை தட்டில் இடித்து மொத்தமும் காலி.

சனிக்கிழமை காலை ஏழரைக்கே ரோஸ்மேரி வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது சாம்பிராணி வாசனை.

“தவசிண்ணே!”

தவசிமுத்து நெற்றி நிறைய விபூதியோடு சிரித்துக்கொண்டே வந்தார். “வாசனை இன்னும் கீதா? முந்தாநேத்து எல்லாரும் போனப்பறம் போட்டேன். மேனேஜரு கெடக்கறாரு. ஆயுதம் உள்ள, பூஜை வெளியவா?”

“அய்யோ, அய்யாவுக்கா காட்டின? டிஸ்க்குக்கா?”

“அய்யாவுக்கு மேலாக்க ஒரு பொட்டு, அவ்ளோதான். நம்ம வூட்டுப் புள்ளைக்கு சும்மா காட்னா போதும் மேரிம்மா. அட்த்த வூட்டுப் புள்ளைக்குத்தான் நல்லா காட்டணும். இல்லாங்காட்டி அது வயிறெரியும், அய்யாவுக்குக் கண்ணு பட்டுடும். இன்னிக்கு பரீச்சையாச்சே! அதான் லண்டனுக்கு மொத டிரைவு மூடியத் தொறந்து, உள்ள வரைக்கும் நல்லா பொகை போட்டேன்.”

லண்டன் மிஷின் வந்ததிலிருந்து முதல்முறையாக அதன் பக்கம் போனவர், போனதும் இதற்காக. ரோஸ்மேரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஓடிப்போய் லண்டன் மிஷினின் முதல் டிரைவைத் திறந்தாள். மூடியின் உட்பக்கம் நடுவில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஓரமெல்லாம் மெல்லிய சாம்பல். கைக்குட்டையால் துடைத்தாள். பொட்டு போனது. உள்ளே போன புகையைக் கைக்குட்டையால் துடைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

குணசேகரனிடம் சொல்லவேண்டும். அவன் எட்டேகாலுக்கு வந்தான். புதுச் சட்டை, கழுத்தில் டை. “இன்னாக்கா, மூஞ்சி பேஜாரா கீது? பயமா?” என்றான். சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் தவசிமுத்துவுக்கு வேலை போகும். அது ஒன்று. சொல்லாவிட்டால் லண்டன் விழும், அவள் நாற்காலி அவளுக்கே. அது இன்னொன்று. முதல் காரணத்துக்காகத்தான் பேசாமலிருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாதா சத்தியமாக அது முழு உண்மையில்லை.

“தலைவலி” என்றாள்.

ஒன்பது மணிக்குப் பம்பாய்ப் பெரியவர் வந்தார். வழுக்கைத் தலை, கையில் நோட்டு, முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை. இரண்டு மிஷினும் புறப்பட்டன. கண்ணாடிக்கு வெளியே இரண்டு கட்சியும் நெருக்கியடித்து நின்றன. ரோஸ்மேரியின் ரேடியோ சீராக இரைந்தது. அவள் கை தன் மிஷினில் இருந்தது, காது லண்டன் மிஷினில் இருந்தது.

பத்து இருபதுக்கு அந்தச் சத்தம் வந்தது. பலகையில் ஆணியால் கோடு கிழிக்கிறது போல ஒரு கிறீச். லண்டன் மிஷின் நின்றது. கண்ணாடிக்கு வெளியே அமெரிக்கா கட்சி “ஓ!” என்று கூவியது. எல்சி விசிலடித்தாள். பெரியவர் நோட்டில் ஏதோ எழுதினார். ஹெட் ஆபீஸ் எழுதுகிற எழுத்தைத் தலைகீழாகப் படிக்க எல்லா சிப்பந்திக்கும் தெரியும்: ‘நம்பகத்தன்மை இல்லை.’

குணசேகரனுக்கு முகம் வெளிறிவிட்டது. டிஸ்க் பேக் கெட்டுவிட்டது என்று நினைத்தான். பெரியவர் பார்க்கிறார், கூட்டம் கத்துகிறது, யோசிக்க நேரமேது? டேப் ரூமுக்கு ஓடி, எக்ஸிக்யூட்டிவின் மிச்சமிருந்த ஒரே பிரதி இருக்கிற பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதே முதல் டிரைவின் மூடியைத் திறந்து, கெட்ட பேக்கைக் கழற்றினான்.

ரோஸ்மேரிக்கு நாலு வருஷத்துக்கு முந்தின ஒரு காலை ஞாபகம் வந்தது. அவளும் இப்படித்தான் செய்தாள். கெட்டது பேக் இல்லை, டிரைவ். அந்த உடைந்த தலை, நல்ல பேக்கைப் போட்டதும் அதையும் கிழித்துவிட்டது. இரண்டும் போய், பதினைந்து நாள் ஃபேக்டரியே ஸ்டாக் லிஸ்ட் இல்லாமல் கிடந்தது. இப்போது இவன் கையில் இருப்பதுதான் கடைசி. இது போனால் புதுப் பிரதி லண்டனிலிருந்து வரவேண்டும். தீபாவளிக்கு வராது. பொங்கலுக்கும் வராது. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அவள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும்.

ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பதினேழில் நிற்கிறேன், தொடரவா என்று கேட்ட அந்த ஒரு வரி அவள் கண்முன் வந்தது. அதைக் கொல்வதா?

“வெக்காதே!” என்று கத்தினாள். கண்ணாடி அதிர்ந்தது. “டேய் குணா, அதுல வெக்காதே! டிரைவுதான்டா அவுட்டு! மூணாவதுல வை!”

குணசேகரன் பேக்கை அந்தரத்தில் பிடித்தபடி நின்றான். அவளைப் பார்த்தான், டிரைவைப் பார்த்தான், டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். பிறகு மூன்றாவது டிரைவுக்குப் போய் மெதுவாக இறக்கினான். தேதியைத் தட்டினான். மிஷின் தான் நின்ற இடத்தைச் சொல்லி, தொடரவா என்றது. அது தொடர்ந்தது. ரோஸ்மேரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் நாற்காலி போகிறதே என்று வந்ததா, அந்த அழகைப் பார்த்து வந்ததா என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. இரண்டுக்கும்தான்.

பெரியவர் அவளைக் கூப்பிட்டார். மேனேஜர் ராமசுப்பு பக்கத்தில் நின்றார்.

“டிரைவ் கெட்டது உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் மேனேஜர். பிறகு மூக்கைச் சுளித்தார். “இதென்ன சாம்பிராணி வாசனை?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தவசிமுத்துவின் விபூதி வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.

“நான்தான் சார் போட்டேன்” என்றாள் ரோஸ்மேரி. “ஆயுத பூஜைக்கு.”

“நீயா? நீ கிறிஸ்டியன் ஆச்சே!”

“எங்க மாதா கோயில்லயும் சாம்பிராணி போடுவாங்க சார். எங்களுக்குத் தெரியாத சாம்பிராணியா?”

“அமெரிக்காவுக்குப் போடாமல் லண்டனுக்கு ஏன் போட்டாய்?”

“அது நல்ல மிஷினு சார்” என்றாள். “அதுக்குப் போடணும்னு தோணிச்சு.”

பொய்யில் உண்மை இப்படித்தான் வழி தவறி நுழைந்துவிடும். பெரியவர் ராமசுப்புவைப் பார்த்தார். ராமசுப்பு தவசிமுத்துவின் நெற்றியைப் பார்த்தார். தவசிமுத்து தரையைப் பார்த்தார். யார் போட்டது என்று அங்கே தெரியாதவர் யாருமில்லை. ரோஸ்மேரிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அத்தோடு விட்டார்கள்.

லண்டன் மிஷின் மத்தியானம் ஒன்றரைக்கு வேலையை முடித்தது. வழியில் ஒரு டிரைவையே பறிகொடுத்துவிட்டு முடித்தது. அமெரிக்கா இரண்டேகாலுக்கு முடித்தது, ஒரு தடங்கலும் இல்லாமல். பெரியவர் நோட்டில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஆர்டர் வந்தது. லண்டன் தங்கும், இரண்டு ஷிப்டு ஓடும். ரோஸ்மேரி டிஸ்பாட்சுக்கு. இரண்டாவது ஷிப்டுக்குப் பம்பாயிலிருந்து ஒரு ஆள் வருவான். அவள் ரேடியோவைப் பையில் வைத்துக்கொண்டாள். அமெரிக்க மிஷினை அணைக்கிற வேலையை வேறு யாரையும் செய்யவிடவில்லை. ஒவ்வொரு சுவிட்சாக, சரியான வரிசையில், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அணைத்தாள்.

வெளியே வந்தபோது குணசேகரன் மேனேஜர் ரூமிலிருந்து வந்துகொண்டிருந்தான். “அக்கா, எங்க போற? ரெண்டாவது ஷிப்டு உனுக்குத்தான்” என்றான். “பம்பாய் ஆளு வேணாம்னு சொல்லிட்டேன். கமாண்டு எல்லாம் ஒரு மாசத்துல யாரு வேணா கத்துக்கலாம். என் கடைசி பேக்கக் காப்பாத்தினவள வெளிய அனுப்பிட்டு அந்த மிஷின நா எப்டிக்கா ஓட்றது?”

பன்னிரண்டு அடி தூரம்தான். ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு. திங்கட்கிழமை அவள் அந்தப் பன்னிரண்டு அடியை நடந்தாள்.

எல்சி ஒரு வாரம் முறைத்துவிட்டு, பிறகு எதற்கு முறைத்தோம் என்பதையே மறந்துவிட்டாள். தவசிமுத்து மறக்கவில்லை. அவளோடு பேச்சை நிறுத்தினார். டேப் கேட்டால் ஜன்னல் வழியாக நீட்டுவார். முகம் வேறு பக்கம். எல்லாருக்கும் டீ கொண்டுவருவார், அவளுக்கு மட்டும் வராது. அமெரிக்க மிஷினைப் பெட்டி பெட்டியாகக் கட்டி லாரியில் ஏற்றின அன்று, லாரி ஹைரோட்டில் திரும்பி மறைகிற வரை கேட்டில் நின்றார். அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று எல்சி சொன்னாள்.

ஜனவரி வரைக்கும் பொறுத்தாள். பொங்கல் முடிந்த ஒரு மத்தியானம் நேரே டேப் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“தவசிண்ணே, உன் வேலைய நா காப்பாத்தினேன். உனக்காவ பொய் சொன்னேன். என் பேருக்கு மெமோ கீது. என்னோட பேச உனக்கு இன்னா?”

“வேலை போயிருந்தா வேற வேலை தேடியிருப்பேன்” என்றார் அவர், பேக்குகளை அடுக்கிக்கொண்டே. “ஹார்பர்ல மூட்ட தூக்கியிருப்பேன். அதுக்கு ஒண்ணுமில்ல மேரிம்மா. நீ அங்க போய்க் குந்திகினியே. எட்டு வருசம் அய்யா உன்ன அந்த நாக்காலில ஒக்கார வெச்சாரு. அவரு போன மறுநாளே எதிரி வூட்ல சோறு துண்றியே. எப்டி மனசு வந்திச்சு?”

அவளுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதே கேள்வியை அவள் தன்னையே எத்தனையோ நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வயித்துப் பொழப்புக்குப் போனேன்னு நெனைக்கறியாண்ணே?”

“பின்ன?”

“அது நல்லா கீதுண்ணே” என்றாள். “நா பொய்யா சொல்றேன்? ஆகஸ்டு மாசத்துலேர்ந்து பாத்துகினு கீறேன். யார்கிட்டயும் சொல்லல. நம்ம கட்சியாச்சேன்னு வாயப் பொத்திகினு கெடந்தேன். ரொம்ப நல்லா கீதுண்ணே.”

தவசிமுத்துவின் கை நின்றது. திரும்பி இரண்டு மாசத்துக்குப் பிறகு முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“நம்ம அய்யாவ விடவா?”

இதற்கு ஒரு பொய் சொன்னால் போதும். நாளைக்கே டீ வந்துவிடும். மேனேஜர் முன்னால் இந்த மனுஷனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு பொய் சொன்னவள்தான். இங்கே, இவரிடம், இதைப் பற்றி, அவளால் முடியவில்லை.

“ஆமாண்ணே” என்றாள். “நம்ம அய்யாவ விட.”

அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். சாவு செய்தி கேட்டவர் போலக் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு தவசிமுத்து எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“சரி, வா” என்றார். “எனக்குங் காட்டு.”